ஹோண்டுராஸில் பள்ளி கட்ட: விமான டிக்கெட்டா, கொத்தனார் கூலியா?

போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள். டெக்சாஸில் அவள் போகும் கிறிஸ்தவ சபையிலிருந்து 15 பேர் ஜூன் மாதம் மத்திய அமெரிக்காவில் இருக்கும் ஹோண்டுராஸுக்குப் போகிறார்களாம். ஒரு கிராமத்துப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்ட வேண்டும், ஒரு வாரம், ஆளுக்கு 2,000 டாலர். "மாமா, நீங்களும் வாங்க. இல்லேன்னா எனக்கு ஏதாவது அனுப்புங்க" என்றாள். சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு குழுவோடு அதே நாட்டுக்குப் போய் வந்தவன் நான். போதாததற்குக் கொத்தனார் மகன். அதனால் உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

முதல் வழி, நேரில் போய் மண்வெட்டி பிடிப்பது. அங்கே சுவர் எல்லாம் ஹாலோ பிளாக், உள்ளே கம்பி, மேலே தகரக் கூரை. நம் ஊர் வேலைதான். மேஸ்திரியைக்கூட 'மாயெஸ்த்ரோ தெ ஓப்ரா' என்பார்கள். போர்ச்சுகீசியத்திலிருந்து நமக்கு வந்த 'மேஸ்திரி'க்கும் அதற்கும் ஒரே வேர். எங்கள் குழுவில் கணக்காளர், நர்ஸ், கல்லூரி மாணவர்கள் என்று எல்லோரும் உண்டு, கொத்தனார் மட்டும் கிடையாது. ஆர்வத்தில் மூன்று வரிசை பிளாக் வைத்தோம். மறுநாள் காலை நான் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். மேஸ்திரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் வரிசைகளைச் சத்தமில்லாமல் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, பழைய கலவையைச் சுரண்டிக் கொடுத்தேன். அந்த வாரம் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான். நாங்கள் நல்ல சித்தாள்கள்கூட இல்லை.

தேதியும் உதைக்கிறது. அமெரிக்காவில் ஜூன் கோடை விடுமுறை. ஹோண்டுராஸில் மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். அதாவது மழையில் கான்கிரீட் போடப் போகிறோம், அதுவும் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும்போது. நாம் போகிற வாரம் பாதி வகுப்பு வேடிக்கை பார்க்க வந்துவிடும். போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குள் நாம் வீட்டுக்கு வந்து போட்டோ ஏற்றிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது வழி, அந்த 30,000 டாலரை அப்படியே அனுப்பி உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி கொடுப்பது. இதற்கு நிஜமான ஒரு கணக்கு இருக்கிறது. 1998 அக்டோபர் கடைசியில் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப்போட்டது. வீடு கட்டித் தர வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாகப் போனார்கள். கால்வின் கல்லூரியின் சமூகவியலாளர் கர்ட் வேர் பீக் அங்கேயே குடியிருந்தவர், அவரும் கிறிஸ்தவர். குழுக்கள் கட்டிய வீடுகளையும், உள்ளூர் கிறிஸ்தவ அமைப்புகள் கட்டிய வீடுகளையும் அவர் ஒப்பிட்டு 2006இல் வெளியிட்டார். குழு ஒன்று வந்து போக ஏறக்குறைய 30,000 டாலர். கட்டிய வீட்டின் விலை 2,000 டாலர். யார் கட்டியது என்பதால் குடியேறிய குடும்பங்களின் வாழ்க்கையில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஊரில், அந்தப் பணத்தில் இன்னும் எத்தனை கொத்தனார் வீட்டில் உலை கொதித்திருக்கும்!

கட்டடம் மட்டும்தான் கணக்கு என்றால் இரண்டாவது வழியோடு பேச்சு முடிந்தது. ஆனால் அக்கா மகள் விடவில்லை. "போகாம இருந்தா அந்த ரெண்டாயிரத்தை யார் மாமா குடுப்பாங்க?" நியாயமான கேள்வி. பயணம் என்றால் பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை காணிக்கை போடுவார்கள். ஊர் பேர் தெரியாத கொத்தனாரின் கூலிக்கு உண்டியல் குலுக்கினால் சில்லறைதான் விழும். என்னிடம்கூட அவள் பயணத்துக்குத்தானே கேட்டாள்? போய் வந்தவர்கள் மனம் மாறி ஆயுள் முழுக்கக் கொடுப்பார்கள் என்றும் சொல்வதுண்டு. அதைத்தான் நான் அவ்வளவாக நம்புவதில்லை. வேர் பீக் அதையும் பார்த்தார்: திரும்பி வந்தவர்கள் காணிக்கை கொடுக்கும் பழக்கம் பெரிதாக மாறவில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்த புதிதில் மாதாமாதம் அனுப்பினேன். அடுத்த வருடம் கார் வாங்கியதும் நின்றுபோனது.

மூன்றாவது ஒரு வழி உண்டு, ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. கைத்தொழிலோ படிப்போ இருந்தால் அதோடு போவது. 'எஞ்சினியரிங் மினிஸ்ட்ரீஸ் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு 1982 முதல் இப்படித்தான் செய்கிறது: பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் போய் நிலத்தை அளந்து, வரைபடம் போட்டுக் கொடுக்கிறார்கள். கட்டுவது உள்ளூர் ஆட்கள். இங்கே அந்நியர் கையிலிருந்து வருவது அந்த ஊரில் கிடைக்காத ஒன்று. கலவை சுமக்க ஆள் கிடைக்காத ஊர் இருக்கிறதா என்ன? அக்கா மகள் படிப்பது மார்க்கெட்டிங், அதனால் இதை நீட்டவில்லை.

அப்புறம், மூன்று வழியிலும் மறந்துபோகும் ஒருவர் இருக்கிறார். ஸ்பானிஷில் பள்ளி ஆசிரியருக்கும் 'மாயெஸ்த்ரோ' என்றுதான் பெயர். சுவருக்குப் பணம் தருகிறவர்கள் இந்த மாயெஸ்த்ரோவின் சம்பளத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. ஆசிரியர் இல்லாத புது வகுப்பறையில் அடுத்த மழைக்குள் சோளமூட்டை அடுக்கிவிடுவார்கள்.

கடைசியில் அவளிடம், போவதானால் போ, ஆனால் அதை ஊர் பார்க்கும் பயணம் என்று சொல்லிப் போ என்றேன். அந்த ஊர்ச் சபையோடு உட்கார், சாப்பிடு, பிளாக்கைத் தொடாதே. என் பணத்தை அவள் டிக்கெட்டுக்குத் தர மனம் வரவில்லை. கொத்தனார் கூலிக்கு என்று எழுதி 300 டாலர் தனியாக அனுப்பினேன். கூடவே சபையில் கேட்கச் சொல்லி இரண்டு கேள்வி: வேலையைப் பிப்ரவரிக்கு முந்திய விடுமுறைக்குத் தள்ள முடியுமா, ஆசிரியருக்குச் சம்பளம் யார் தருவது? தேதியைப் பற்றிப் பேசலாம் என்றார்களாம். சம்பளக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.