மென்மையான ஆப்பிள் குக்கீக்கு எது: மெக்கின்டாஷா, கிரானி ஸ்மித்தா?

செப்டம்பர் பிறந்தால் கனடாவின் ஒன்டாரியோ சந்தைகளில் மெக்கின்டாஷ் ஆப்பிள் குவியும். 1811-இல் ஜான் மெக்கின்டாஷ் தன் நிலத்தில் கண்டெடுத்த கன்றுகளிலிருந்து வந்த ரகம் அது. மணத்தில் அதை மிஞ்சுவது கடினம். ஆனால் அடுப்புச் சூட்டில் சதை குழைந்துவிடும். துருவிப் போட்டால் துண்டே தெரியாது; சாறு மாவில் இறங்கி, குக்கீ தட்டையாகப் பரவி, ஓரம் மட்டும் முறுகும்.

1868 வாக்கில் சிட்னி அருகே மரியா ஆன் ஸ்மித் வளர்த்த கிரானி ஸ்மித் நேர்மாறு. பச்சைத் தோல், நல்ல புளிப்பு, கெட்டியான சதை. வெந்த பிறகும் பல்லில் தட்டுப்படும். அந்தப் புளிப்புதான் நாட்டுச் சர்க்கரையின் திகட்டலை அடக்கி, பட்டை, ஜாதிக்காய், கிராம்பின் வாசனையைத் தூக்கிக் காட்டுகிறது. குக்கீக்கு என் கை இதைத்தான் தேடும்.

ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். எனவே துருவலை மெல்லிய துணியில் கட்டி, சொட்டு நிற்கும்வரை பிழியுங்கள். 2 கப் மைதாவுக்குப் பிழிந்த துருவல் 1 கப் போதும். 180 டிகிரி செல்சியஸில் 12 நிமிடம். நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், தட்டின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும்.

மெக்கின்டாஷ்தான் கையில் இருக்கிறதா? தண்ணீர் விடாமல், கரண்டியில் ஒட்டி நிற்கும் பதத்துக்குக் கூழாகச் சுண்டவைத்துச் சேருங்கள். கடி இருக்காது, கேக் போல மிருதுவாக வரும்.