நாலு மெனுவில் மூன்றைத் தூக்கினோம்: மெனுகான்ஃபிக் மட்டும் ஏன் தப்பியது?

கோத்தகிரியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து உறைபனி எச்சரிக்கைக் கருவி ஒன்றுக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் நிரல்) எழுதி வருகிறோம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி அருகே தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். கேரட் போட்டவருக்கும் தேயிலை வைத்திருப்பவருக்கும் அதற்கு முன்பே ஒரு எஸ்எம்எஸ் போய்விட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். நிரல் முழுக்கத் திறந்த மூலம்.

எந்த சென்சார், எந்த மோடம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரீடிங் என்று தேர்வு செய்ய லினக்ஸின் மைய நிரலான கெர்னலில் அமைப்புகளைத் தேர்வு செய்ய உதவும் கேகான்ஃபிக்கை எடுத்துப் போட்டோம். 2002-ல் கெர்னலுக்குள் வந்தது. கோர்பூட், யூ-பூட் போன்ற, கருவியைத் துவக்கிவைக்கும் நிரல்கள் எல்லாம் இதைத்தான் எடுத்தாள்கின்றன. எடுத்தபோது மெனுகான்ஃபிக், என்கான்ஃபிக், எக்ஸ்கான்ஃபிக், ஜிகான்ஃபிக் என்று, அந்தத் தேர்வைத் திரையில் மெனுவாகக் காட்டும் நான்கு முகப்புகளும் கூடவே வந்துவிட்டன. நான்குமே படிப்பது ஒரே கேகான்ஃபிக் கோப்புகளை, எழுதுவது ஒரே .கான்ஃபிக் கோப்பை. எதை நீக்கினாலும் ஒரு அமைப்புகூடத் தொலையாது.

ஜிகான்ஃபிக்கைப் பற்றிப் பேச அதிகமில்லை. எங்களிடம் இருந்தது, ஜன்னல் வரையும் நிரலகமான ஜிடிகே 2-ஐ நம்பி எழுதிய பிரதி. ஜிடிகே 2-ன் கடைசிப் பதிப்பே 2020-ல் வந்தது. அதை யாராவது ஓட்டுகிறீர்களா என்று கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதலில் போனது அதுதான்.

எக்ஸ்கான்ஃபிக்குக்கு ஒரு ஆதரவாளர் இருந்தார். எங்களோடு வேலை செய்யும் கல்லூரி மாணவர். "அண்ணா, இது போயிட்டா எந்த ஆப்ஷன் எதை நம்பி இருக்குன்னு ஒரே பார்வையில எப்படிப் பார்க்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. ஜன்னலில் இடப்பக்கம் மரம்போல் கிளைவிடும் பட்டியல், வலப்பக்கம் விவரம் என்று பார்க்க வசதிதான். மெனுகான்ஃபிக்கில் சாய்கோடு தட்டி மோடம் பெயரைத் தேடிக் காட்டினேன். அது எதைச் சார்ந்தது, எது அதை இழுத்து வருகிறது என்று வரிசையாக வந்தது. பக்கத்திலேயே (1) என்று ஒரு எண். ஒன்றை அழுத்தினால் நேரே அந்த இடத்தில் போய் நிற்கிறது. பாதி மனதோடு ஒத்துக்கொண்டார்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது வசதி அல்ல, பராமரிப்பு. கெர்னலில் இருந்து கேகான்ஃபிக்கின் புதுப் பிரதியை எடுக்கும்போதெல்லாம் எங்கள் சில்லறைத் திருத்தங்களை அதன்மேல் திரும்பப் பொருத்த வேண்டும். கேகான்ஃபிக் கோப்புகளைப் படித்துப் பிரிக்கும் பாகுபடுத்தியில் ஒரு ஃபங்ஷன் பெயர் மாறினால் நான்கு முகப்பிலும் எங்கள் திருத்தத்தைக் கை வைத்துச் சரிசெய்ய வேண்டும். எக்ஸ்கான்ஃபிக் மட்டும் சி++. ஜன்னல் வரைய க்யூட்டி நிரலகம் வேண்டும், கூடவே அதற்கான நிரலை உருவாக்கும் மோக் கருவி வேண்டும், க்யூட்டி 5-லிருந்து 6-க்குத் தாவினால் அதற்கும் ஈடுகொடுக்க வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. வெளியே காற்றடித்து இரண்டு முறை கரண்ட் போயிற்று. அன்று சாயங்காலம் முழுக்க ஒருவர் மட்டுமே ஓட்டும் ஜன்னலுக்காக ஆயிரம் வரிக்கு மேல் உள்ள கோப்பில் மோதிக்கொண்டிருந்தேன். சென்சார் டிரைவரில் ஒரு வரிகூட நகரவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மெனுகான்ஃபிக் கேட்பது, டெர்மினலில் எழுத்தாலேயே மெனு வரையும் என்கர்சஸ் நிரலகம் மட்டும். அதுவும் இல்லையென்றால் எந்தப் பேக்கேஜைப் போட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். தலைகுந்தா ஷெட்டில் இருக்கும் கேட்வே கணினிக்குள் எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாகப் போய், சிக்னல் ஒரு கட்டையில் ஊசலாடும்போதும் ஓட்டியிருக்கிறேன். ஒரு குறை சொல்ல வேண்டும்: திரை 80 எழுத்து அகலம், 19 வரி உயரத்துக்குக் குறைந்தால் திறக்கவே திறக்காது. போனில் எழுத்தை எறும்பு அளவுக்குச் சுருக்கி, படுக்கவைத்துப் பிடித்தால்தான் வேலைக்கு ஆகும்.

உண்மையான போட்டி என்கான்ஃபிக்கோடுதான். அதுவும் என்கர்சஸில் ஓடுவதே, பார்க்கவும் கொஞ்சம் லட்சணம். ஆனால் உதவிக்கு எஃப்1, தேடலுக்கு எஃப்8, வெளியேற எஃப்9 என்று போகும். என் டெர்மினலில் எஃப்1 தட்டினால் டெர்மினலின் உதவிப் பக்கம்தான் திறக்கும். எஃப் விசைக்குப் பதில் வெறும் எண்ணைத் தட்டினாலே போதும் என்று நீக்கிய பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் அதன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும். ஆனாலும் ஒரே வேலைக்கு இரண்டு முகப்பைச் சுமக்க மூன்று பேருக்குக் கட்டுப்படியாகாது.

மெனு இல்லாமலே .கான்ஃபிக் கோப்பை உருவாக்கும் ஓல்ட்கான்ஃபிக், டெஃப்கான்ஃபிக் வகையறாவைத் தொடவில்லை. அவை எல்லாமே ஒரே சி நிரலில் அடங்குபவை, தானியங்கி பில்டும் அவற்றை நம்பித்தான் ஓடுகிறது.

இதே கேகான்ஃபிக் வேலையைப் பைத்தானில் செய்யும் கேகான்ஃபிக்லிப் பக்கம் மொத்தமாகப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். சிறு கருவிகளுக்கான இயங்குதளமான செஃபிர் அந்த வழியில்தான் போகிறது. நான் அதை ஒரு வாரம்தான் ஓட்டிப் பார்த்தேன். அதை வைத்து நல்லது கெட்டது சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எங்கள் மூன்றாவது ஆள், கேத்திக்காரர், என்கான்ஃபிக்கைத் தன் கிளையில் (நிரலின் தனிப் பிரதியில்) இன்னும் வைத்திருக்கிறார். அடுத்த முறை கெர்னலில் இருந்து பிரதி எடுக்கும்போது அந்தக் கோப்பைப் பொருத்துவது அவர் பொறுப்பு என்று பேச்சு.