வெளிநாட்டில் படிக்க: சின்னக் கல்லூரியா, பெரிய பல்கலைக்கழகமா?

எஸ்.டி.பி.எம். என்கிற மலேசியப் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வின் முடிவு வந்த கையோடு, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "டீச்சர், அந்த யுனிவர்சிட்டி உலகத்துல எத்தனாவது?" என்பதுதான். அவர்கள் கேட்பது நியாயம். சேமநிதியை எடுத்தோ வீட்டை அடகு வைத்தோ பிள்ளையை அனுப்பப் போகிறவர்களுக்கு ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டும். ஆனால் அந்தத் தரவரிசை எதை அளக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். பலரும் பார்க்கும் கியூஎஸ் உலகத் தரவரிசைப் பட்டியலில் கல்வியாளர்களிடையே இருக்கும் பெயருக்கு 30 விழுக்காடு. ஆய்வுக் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதற்கு 20 விழுக்காடு. ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்பதற்கு 10 விழுக்காடுதான். உங்கள் பிள்ளை இரண்டு வாரம் வகுப்புக்குப் போகாவிட்டால் அங்கே யாருக்காவது தெரியவருமா என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். ரப்பர், செம்பனைத் தோட்டத்திலோ தோட்டத்தை ஒட்டிய சிறுபட்டணத்திலோ வளர்ந்த பிள்ளை, யார் கண்ணிலும் படாமல் ஒரு நாளைக் கழித்திருக்க முடியாது. பக்கத்து வீட்டு அத்தைக்குத் தெரியும், தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணிக்குத் தெரியும், கோயில் திருவிழாவில் பரிமாறும் அண்ணன்களுக்குத் தெரியும். பள்ளிக்கு மட்டம் போட்டால் சாயந்திரத்துக்குள் சேதி அப்பாவிடம் போய்விடும். சில பிள்ளைகளுக்கு இந்தக் கவனிப்புதான் தெம்பு. சிலருக்கோ இதிலிருந்து விடுபட்டால் போதும் என்றிருக்கும். எந்த நாடு, எந்தப் பாடம் என்பதற்கெல்லாம் முன்னால், உங்கள் பிள்ளை இதில் எந்தப் பக்கம் என்பது தெரிய வேண்டும்.

கவனிப்பு அதிகம் உள்ள இடம் என்றால் அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளை, அதாவது பல துறைகளையும் கலந்து கற்பிக்கும் சின்னப் பட்டப்படிப்புக் கல்லூரிகளைச் சொல்லலாம். அயோவா மாநிலத்தில் கிரின்னல் என்று ஒன்று இருக்கிறது. ஊருக்கும் அதே பெயர். கல்லூரியில் ஏறக்குறைய 1,700 மாணவர்கள். ஊர் மக்களே பத்தாயிரத்துக்குள்தான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சோளம். வகுப்பில் பதினைந்து, இருபது பேர். பாடம் நடத்துபவர் பேராசிரியரேதான், உதவியாளர் அல்ல. மூன்றாவது வாரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்; நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று மின்னஞ்சல் வரும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் மெல்பர்ன் பல்கலைக்கழகம், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் போன்றவை. மாணவர் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டும். முதலாண்டு விரிவுரைக்கு முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். விரிவுரையைப் பதிவாகவும் போட்டுவிடுவதால் படுக்கையிலிருந்தே பார்க்கலாம். டியூட்டோரியல் எனும் சிறு குழு வகுப்பை நடத்துபவர் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர். உதவி வேண்டுமென்றால் கிடைக்கும், நிறையவே கிடைக்கும். ஆனால் நீங்களாகப் போய்க் கேட்க வேண்டும்.

பெற்றோர்கள் பலர் கணக்கிடும் விதத்தில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் ஒன்று உண்டு. "எம்பொண்ணு ரொம்ப அமைதி டீச்சர், பெரிய இடத்துல ஒரு ஓரமா இருந்துட்டு படிச்சிட்டு வந்துடுவா" என்பார்கள். அமைதியில் இரண்டு விதம் இருக்கிறது. ஒரு பிள்ளை யோசித்துக்கொண்டே இருப்பதால் பேசாமல் இருக்கும்; நேராகக் கேட்டால் அழகாகப் பதில் சொல்லும். இன்னொரு பிள்ளை தப்பாகிவிடுமோ, ஆங்கிலம் தடுமாறுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்காது. இரண்டாவது பிள்ளையைத்தான் பெரிய பல்கலைக்கழகம் அப்படியே விழுங்கிவிடும். முதல் பருவத்தில் ஒரு பாடம் போகும், வீட்டுக்குச் சொல்லாது. இரண்டாம் பருவத்தில் இன்னொன்று போகும். விசா சிக்கல் வரும்போதுதான் இங்கே தெரியவரும். சின்னக் கல்லூரியில் அந்தப் பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் வேதனைதான். வகுப்பில் பேசுவதற்கே மதிப்பெண் உண்டு, ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன். கஷ்டப்படும்போது ஒருவர் பார்த்துவிடுவார் என்பது பெரிய பாதுகாப்பு.

சரி, பெரிய இடம் யாருக்கு? ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்காத பிள்ளைக்கு. தெரியாத கூட்டத்துக்குள் போய் இரண்டு மணி நேரத்தில் நான்கு நண்பர்களோடு திரும்பும் பிள்ளைக்கு. அலுவலகக் கதவைத் தட்டி "இது எனக்கு விளங்கலை" என்று கூச்சமில்லாமல் சொல்லும் பிள்ளைக்கு. மெல்பர்னில் மலேசிய மாணவர்கள் ஏராளம். நாசி லெமாக் கிடைக்கும், கேரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு கோயில் இருக்கிறது, தீபாவளிக்குக் கூட்டம் சேரும். இது வரமும்தான், கட்டும்தான். மூன்று ஆண்டும் மலேசியர்களோடு மட்டுமே பழகித் திரும்பும் பிள்ளைகள் உண்டு. வெட்கப்படும் பிள்ளைக்குத்தான் அந்த ஆபத்து அதிகம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதை நம் பக்கத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. கல்லூரி சின்னது, ஊர் பெரியது. மினசோட்டாவின் செயிண்ட் பால் நகரிலுள்ள மெக்காலெஸ்டர் கல்லூரி அப்படிப்பட்டது. கானாவிலிருந்து போன கோஃபி அன்னான் 1961-இல் பொருளியலில் பட்டம் பெற்றது அங்கேதான். கல்லூரிக்குள் எல்லாருக்கும் உங்களைத் தெரியும். மூச்சு முட்டினால் பேருந்தேறி நகரத்துக்குள் போய்விடலாம். குளிர் மட்டும் கடுமை. ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது வரை இறங்கும்.

சமையல் விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். சின்ன அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் விடுதியிலேயே தங்கி, கல்லூரி உணவுத் திட்டத்துக்குப் பணம் கட்டிச் சாப்பிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் நான்கைந்து பேர் சேர்ந்து வீடு எடுத்துச் சமைத்துக்கொள்வார்கள். மனசு சரியில்லாத நாளில் சம்பால் கிளறினால்தான் தெளியும் என்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அடுப்பு இல்லாத நான்கு ஆண்டுகள் நீளமானவை.

வேலை பார்ப்பதும் குணத்தோடு சேர்ந்ததுதான். வீட்டுப் பணத்தில் படிக்கிறோமே என்று உறுத்தலோடு இருக்கும் பையன் சும்மா இருக்க மாட்டான். ஆஸ்திரேலியாவில் படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வெளியில் வேலை செய்யலாம். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்கு வாரம் 20 மணி நேரம். அமெரிக்காவிலும் 20 மணி நேரம்தான், ஆனால் வளாகத்துக்குள் மட்டும். கடையில், உணவகத்தில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்று கனவு காணும் பையனுக்கு அமெரிக்கா ஏமாற்றத்தைத் தரும்.

பணம் என்று வரும்போது கணக்கு தலைகீழாகிறது. தனியார் அமெரிக்கக் கல்லூரிகளின் அறிவிக்கப்பட்ட கட்டணம், தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து, ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். அதைப் பார்த்ததும் பெற்றோர் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஏம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், போடின் ஆகியவை வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பார்க்காமலேயே சேர்க்கையை முடிவு செய்து, சேர்ந்தவருக்குத் தேவையான உதவியை முழுமையாகத் தருகின்றன. இடம் கிடைப்பது மிக அரிது, ஒத்துக்கொள்கிறேன். இன்னும் பல சின்னக் கல்லூரிகள் உதவித்தொகையைப் பெரிய அளவில் தருகின்றன. கெண்டக்கியில் 1855-இல் தொடங்கப்பட்ட பெரீயா கல்லூரி யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பதிலுக்கு ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியிலேயே வேலை செய்ய வேண்டும். விடியற்காலையில் தோட்டத்துப் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு)ப் போன தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்கு உழைத்துப் படிக்கும் இடம் அந்நியமாகத் தெரியாது. பெரிய ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களிலோ கட்டணக் கழிவு கிடைத்தாலும் ஒரு பகுதிதான். அதற்கு மேல் ஓராண்டுச் செலவுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர் கையிருப்பு இருப்பதாக விசாவுக்கே காட்ட வேண்டும்.

பிரிட்டனை வேறு ஒரு தராசில் வைக்க வேண்டும். அங்கே இடத்தின் அளவைவிடப் பாடத்தின் மேல் பிள்ளைக்கு இருக்கும் உறுதிதான் முக்கியம். விண்ணப்பிக்கும்போதே பாடத்தைச் சொல்லிவிட வேண்டும். முதல் நாளிலிருந்து அதே பாடம்தான். யூகாஸ் எனும் பொது விண்ணப்ப அமைப்பு வழியாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். எஸ்.டி.பி.எம். முடிவையே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும். இங்கிலாந்தில் மூன்றே ஆண்டு, ஸ்காட்லாந்தில் நான்கு. அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு முடியும்வரை முதன்மைப் பாடத்தை முடிவு செய்யாமல் வேதியியலும் வரலாறும் இசையும் கலந்து படிக்கலாம்.

நம் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே டாக்டர், லாயர், இன்ஜினியர் என்று முடிவு செய்து கொடுத்துவிடுகிறோம். அதனால் பிள்ளைக்கு உறுதி இருப்பதுபோலத் தோன்றும். அது யாருடைய உறுதி என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரு வழி, பரீட்சை இல்லாத டிசம்பர் விடுமுறையில் அந்தப் பிள்ளை தானாக எதைத் தேடிப் படிக்கிறது என்பதைக் கவனிப்பது. சட்டம் படிக்கப் போகிறேன் என்கிற பிள்ளை ஒரு வழக்குச் செய்தியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை என்றால், பிரிட்டனுக்கு அனுப்பும் முன் நின்று யோசியுங்கள். அங்கே கலைப் பாடங்களுக்கு வாரத்துக்கு வகுப்பு பத்து மணி நேரம்கூட இராது. மீதி நேரம் முழுக்கத் தனியாகப் படிக்க வேண்டும். பாடம் பிடித்தவருக்கு அது சொர்க்கம். பிடிக்காதவருக்கு அந்த நாற்காலியில் உட்காரவே முடியாது.

தமிழ்நாட்டையும் சிங்கப்பூரையும் ஒன்றாக வைத்துப் பேசுவதற்குக் காரணம், "நம்ம ஆளுங்க இருக்காங்க" என்ற நம்பிக்கையில்தான் இரண்டுக்கும் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். இந்த நம்பிக்கை பாதிதான் சரி. 1837-இல் தொடங்கி 1937 முதல் தாம்பரத்தில் மரங்கள் அடர்ந்த வளாகத்தில் இயங்கும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, 1925-இல் தொடங்கிய லயோலா ஆகியவற்றில் விடுதி வாழ்க்கையும் நட்பும் நெருக்கமானவை. வருகைப் பதிவு 75 விழுக்காடு வேண்டும். விடுதிக் கதவு சாத்தும் நேரம் உண்டு, பெண்கள் விடுதியில் இன்னும் சீக்கிரம். வழிநடத்தல் வேண்டும் என்கிற பிள்ளை அங்கே நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் பிள்ளை அங்கே வெளிநாட்டவர்தான். மாணவர் விசா 180 நாளுக்கு மேல் என்றால் போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். நம் பேச்சும் பழக்கமும் அவர்களுடையவை அல்ல என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஒரே மொழிதானே, சொந்த ஊர் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகும் பிள்ளைக்குத்தான் அடி பலமாக விழும். எதையும் எதிர்பார்க்காமல் போகும் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

சிங்கப்பூர் பக்கத்தில் இருக்கிறது. பலகைகளில்கூடத் தமிழ் இருக்கும். ஆனால் அங்கே சக மாணவரோடு ஒப்பிட்டுத்தான் பெரும்பாலும் மதிப்பெண். போட்டி உற்சாகம் தரும் பிள்ளைக்கு ஏற்ற இடம். பக்கத்து மேசைக்காரனின் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு இரவில் தூங்காத பிள்ளைக்கு வேண்டாம். அரசின் கல்விக் கட்டண மானியத்தை வாங்கினால் படித்து முடித்து மூன்று ஆண்டு சிங்கப்பூரில் பதிவு பெற்ற நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதையும் பிள்ளையே படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

ஜெர்மனியைப் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஓர் அளவுதான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில்) ஓராண்டுக்கு 11,904 யூரோ போட்டு வைக்க வேண்டும். பல பாடங்களில் வருகைப் பதிவே கிடையாது. பருவ முடிவில் ஒரே பரீட்சை. கடிதம், படிவம், வாடகை, காப்பீடு எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு மட்டும்.

இன்னும் முடிவு எடுக்கத் தெரியாத பிள்ளைக்கு அவசரம் வேண்டாம். செமினியிலுள்ள நாட்டிங்ஹம் வளாகத்திலோ சன்வேயிலுள்ள மொனாஷ் வளாகத்திலோ தொடங்கி ஒரு பருவம் மட்டும் வெளிநாட்டு வளாகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். சில கல்லூரிகளில் இரண்டு ஆண்டு இங்கே, ஓராண்டு வெளிநாட்டில் என்ற 2+1 ஏற்பாடும் இருக்கிறது. மருத்துவம் என்றால் குணப் பொருத்தம் பார்ப்பதற்கு முன்பே மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்துக்கும் பொறியியலுக்கும் அப்படியே.

கடைசியில் இரண்டு இடங்கள் மிஞ்சும்போது, பிள்ளையையே இரண்டுக்கும் மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். முகவர் எழுதக் கூடாது, அப்பாவும் எழுதக் கூடாது. கேள்விகள் இவை: முதலாண்டு வகுப்பில் எத்தனை பேர்? ஒரு மாணவர் தொடர்ந்து வராவிட்டால் அதைக் கவனிப்பது யார்? விடுமுறையில் ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு விடுதி திறந்திருக்குமா? மலேசிய மாணவர் ஒருவரோடு பேச முடியுமா? எல்லா இடத்திலிருந்தும் பதில் வரும். சில இடங்களிலிருந்து இணையப் பக்கத்தின் முகவரி மட்டும் வரும். சில இடங்களிலிருந்து ஒருவர் தன் பெயரைப் போட்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லி, நான்கு கேள்விக்கும் தனித்தனியாக எழுதுவார். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு விண்ணப்பக் கெடு ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. பிரிட்டனுக்கு ஜனவரி நடுவில்; ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு மட்டும் அக்டோபர் 15. அதனால் இந்த மின்னஞ்சல் ஆகஸ்டுக்குள் போய்விட வேண்டும்.