எட்டு வருட பில்களும் ஒரு மாவு மூட்டையும்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. உள்ளே 8 வருடத்து மளிகை பில்கள். பாதிக்கு மேல் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டன. மங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டில் ஏற்றி வைத்ததால்தான் இன்று இதை எழுத முடிகிறது.

ஆரம்பக் காரணம் சின்னதுதான். "அந்தக் கடையில்தான் எல்லாம் மலிவு" என்று நான் சொல்ல, "அங்கே போகிற மாதம்தான் துண்டு விழுகிறது" என்று வீட்டில் சொல்ல, பேச்சு வளர்ந்துகொண்டே போனது. சரி, எழுதிப் பார்த்துவிடலாம் என்று 20 பொருளுக்குப் பட்டியல் போட்டேன். பால், முட்டை, எண்ணெய், சர்க்கரை, மாவு, தக்காளி, வெங்காயம், சோப்பு என்று எல்லா வீட்டிலும் தீர்ந்துபோகிற சாமான்கள். பெரிய சூப்பர் மார்க்கெட், தள்ளுபடி விலைச் சங்கிலிக் கடை, சந்தா கட்டி உள்ளே போகும் கிடங்குக் கடை, வீட்டுப் பக்கத்துச் சின்னக் கடை என நாலு வகையிலும் மாற்றி மாற்றி வாங்கினேன். மொபைல் செயலி பிற்பாடு வந்து சேர்ந்தது.

20 பொருளின் விலையை மட்டும் கூட்டிப் பார்த்தால் விடை யாரும் ஊகிக்கக்கூடியதுதான். தள்ளுபடிக் கடை முதலிடம், கிலோ கணக்கில் பார்த்தால் கிடங்குக் கடை அதை ஒட்டி, சூப்பர் மார்க்கெட் நடுவில், பக்கத்துக் கடை கடைசி. ஆனால் மாதச் செலவு இந்த வரிசைப்படி வரவே இல்லை. மூன்று மாதம் குழம்பினேன். அப்புறம் ஒருநாள் சிவப்புப் பேனாவை எடுத்து, பட்டியலில் எழுதாமல் வீட்டுக்கு வந்த சாமானை எல்லாம் பில்லில் வட்டம் போட ஆரம்பித்தேன். குழப்பம் அன்றைக்கே பாதி தீர்ந்தது.

சூப்பர் மார்க்கெட் பில்லில் வட்டம் 6, 7-க்குக் குறைந்ததே இல்லை. ஒரு விடுமுறைநாள் பில்லில் 13. அதில் பாலே இல்லை, பாலுக்காகத்தான் போயிருந்தேன். பால் எப்போதும் கடையின் கடைக்கோடியில்தான் இருக்கும். குளிர்பெட்டிக்குப் பின்பக்கம் இருந்து சரக்கு ஏற்றுவது சுலபம் என்பது உண்மைதான். நடக்கிற வழியில் நாலு சாமான் கண்ணில் படும் என்பதும் உண்மைதான். கண் மட்டத்தில் இருக்கிற அலமாரித் தட்டில் கடை எதை விற்க நினைக்கிறதோ அது இருக்கும். குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தால் அதே சாமான் விலை குறைவாக உட்கார்ந்திருக்கும். முட்டி வலி வந்த பிறகு நான் குனிவது குறைந்துபோனதும் நோட்டில் தெரிகிறது.

இந்த வட்டங்களுக்கு ஒரு பிறந்த வருடமே உண்டு: 1916. அதுவரை கடை என்றால் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் சரக்கு. பட்டியலைச் சொல்வோம், கடைப் பையன் எடுத்துத் தருவான். கேட்காதது பைக்குள் வர வழியில்லை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற பெயரில் கடை போட்டு, வாங்குகிறவர்களையே உள்ளே விட்டார். சுழல்கதவு வழியாக நுழைந்தால் வளைந்து வளைந்து எல்லா அலமாரியையும் தாண்டித்தான் கல்லாவுக்கு வர முடியும். ஆள் கூலி அவருக்கு மிச்சமானது. எடுத்துக் கொடுக்கிற வேலை நம் தலையில் விழுந்தது, கூடவே ஆசையும்.

அப்படியும் ஒரு தடை மிச்சம் இருந்தது. கையில் தூக்கிய கூடை கனத்தால் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ஓக்லஹோமா சிட்டியில் கடை வைத்திருந்த சில்வன் கோல்ட்மேன் 1937-ல் அதற்கும் சக்கரம் வைத்துவிட்டார். முதலில் யாரும் அந்த வண்டியைத் தொடவில்லையாம். ஆளைக் கூலிக்கு அமர்த்திக் கடைக்குள் வண்டி தள்ள வைத்துத்தான் பழக்கினார் என்பார்கள். இதைப் படித்த நாளிலிருந்து சூப்பர் மார்க்கெட்டில் நான் தள்ளுவண்டி எடுப்பதில்லை. கைக்கூடைதான். வட்டம் பாதியாகக் குறைந்தது. மணிக்கட்டு என்னைவிட நன்றாகக் கணக்குப் பார்க்கிறது.

இங்கே உறுப்பினர் அட்டை பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் டெஸ்கோ என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 1995-ல் கிளப்கார்டு கொண்டுவந்த பிறகு உலகம் முழுக்கப் பரவிய சங்கதி இது. நானும் ஒரு சங்கிலிக் கடையின் அட்டையை 5 வருடம் வைத்திருந்தேன். நான் வழக்கமாக வாங்கும் காபித்தூளுக்குத் தள்ளுபடி வரவே வராது. வாங்குவதை நிறுத்திய மூன்றாவது வாரம் கூப்பன் வந்து நிற்கும். நம் வீட்டு அடுக்களை அவர்களுக்கு அவ்வளவு அத்துப்படி. கோபம் எதுவும் இல்லை. இரண்டு முறை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன், இரண்டு முறையும் கூப்பன் வந்தது. மூன்றாவது முறை ஏமாற்றிவிட்டார்கள்.

எண்ணெய் பாட்டில் கதையை விட முடியாது. பழைய பாட்டிலைக் கழுவி ஏதோ ஊற்றி வைத்திருந்தோம். புதிதாக வாங்கியதைப் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஒரே உயரம், ஒரே மூடி, ஒரே லேபிள். ஆனால் புதியதன் இடுப்பு உள்ளே போயிருந்தது. திருப்பிப் பார்த்தால் 1 லிட்டர் இருந்த இடத்தில் 900 மில்லி. விலையை மட்டும் குறித்துக்கொண்டு வந்த என் நோட்டில் அந்த எண்ணெய்க்கு 'விலை ஏறவில்லை' என்று ஒரு வருடமாக எழுதி வைத்திருக்கிறேன்! அதற்குப் பிறகுதான் அளவுக்கு ஒரு கட்டம் போட்டேன். பிரான்ஸில் கார்ஃபூர் கடைகள் 2023 செப்டம்பரில், அளவு குறைந்தும் விலை குறையாத பொருட்களின் முன்னால் அறிவிப்புச் சீட்டே ஒட்டின. ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்று சேர்த்துப் போட வேண்டும் என உத்தரவு போட்டுவிட்டது. அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கிற பழக்கம் வந்தால் 'குடும்பப் பேக்' என்று எழுதியிருப்பதில் எத்தனை உண்மையில் லாபம் என்று தெரிந்துவிடும். என் நோட்டில் கிலோ கணக்கில் பெரிய பாக்கெட் சின்னதைவிடக் கூடுதல் விலையாக இருந்த நாட்கள் நிறைய.

தள்ளுபடிக் கடைக்கு வருவோம். இந்த வகைக்கு மூலவர் ஆல்டி. ஜெர்மனியின் எசன் நகரில் அம்மா நடத்திய சின்னக் கடையை கார்ல், தியோ என்ற ஆல்பிரெக்ட் சகோதரர்கள் வளர்த்தார்கள். சிகரெட் விற்பதா வேண்டாமா என்ற தகராறில் 1960 வாக்கில் வடக்கு தெற்காகப் பிரிந்தார்கள். இந்த வகைக் கடையில் முதல் தடவை நுழைந்தபோது ஏதோ காலி செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அட்டைப்பெட்டியின் முகப்பைக் கிழித்து அப்படியே அடுக்கியிருந்தார்கள். சாஸ் என்றால் இரண்டு வகை, அவ்வளவுதான். காசைச் செருகினால்தான் வண்டி கழலும். கல்லாவில் இருந்த பெண் சாமானை நகர்த்திய வேகத்தில் நான் பையை விரிப்பதற்குள் முட்டை அட்டை கடைசி ஓரத்துக்குப் போய்விட்டது. பாக்கெட்டின் பல பக்கத்திலும் பார்கோடு அச்சிட்டிருக்கிறார்கள், எப்படித் தள்ளினாலும் படிக்கும். பையில் அடுக்குவதெல்லாம் தள்ளி நின்று நாமே செய்ய வேண்டியது.

வகை குறைவாக இருப்பது முதலில் உறுத்தியது. ஆறு மாதத்தில் அதுவே நிம்மதியானது. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பொருத்தம். ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள்; 6 வகை மட்டும் வைத்தபோது 30 சதவீதம். சாஸ் தட்டின் முன்னால் நான் நின்று லேபிள் படிக்கிற நேரம் மிச்சமாகி, மொத்தமே 20 நிமிடத்தில் வெளியே வந்துவிடுவேன். வட்டம் ஒன்றோ இரண்டோதான்.

ஆனால் அந்த ஒன்றோ இரண்டோ! நடு வரிசையில் வாரத்துக்கு வாரம் மாறும் சில்லறைச் சாமான் குவியல் ஒன்று இருக்கும். உப்பும் சர்க்கரையும் வாங்கப் போய்த் துளைபோடும் மிஷினோடு வந்திருக்கிறேன். அந்த மாதம் வீட்டில் எனக்குப் பேச வாயில்லை.

கடையின் சொந்த பிராண்ட் பற்றிப் பலர் கேட்பதால் என் அனுபவம்: உப்பு, சர்க்கரை, மாவு, பால், டப்பாவில் அடைத்த தக்காளி இதிலெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்கலாம். வீட்டில் நிஜமாகவே கண்ணைக் கட்டி ருசி பார்க்க வைத்தேன், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாத்திரம் கழுவும் திரவம் தண்ணீராக இருந்தது, இரண்டு மடங்கு ஊற்றினால்தான் எண்ணெய்ப் பிசுக்குப் போகும். குப்பைப் பை அடியில் கிழியும். காபித்தூள் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது.

இனி கிடங்குக் கடை. காஸ்ட்கோ இந்த வகையில் பெரிய பெயர், 1983-ல் சியாட்டிலில் தொடங்கியது. சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் 30,000 வகைக்கு மேல் சரக்கு இருக்கும். அங்கே சுமார் 4,000. பொதுவாக 14 சதவீதத்துக்கு மேல் லாபம் ஏற்றுவதில்லை, சொந்த பிராண்டுக்கு 15 என்று வைத்திருக்கிறார்கள். கம்பெனி லாபத்தில் பெரும்பகுதி சந்தா. அதனால் சாமான் விலை நிஜமாகவே குறைவு, அதில் சூது எதுவும் இல்லை. சூது என் சமையலறையில் இருந்தது.

நானும் இந்த மாதிரி ஒரு கடையில் 3 வருடம் சந்தா கட்டினேன். சந்தா கட்டிவிட்டோமே, போகாமல் இருந்தால் நஷ்டம் என்று போவேன். போனால் சின்னதாக எதுவும் கிடைக்காது. ஒரு தடவை 10 கிலோ மாவு மூட்டை. கிலோ கணக்கில் அதைவிட மலிவாக நான் எங்கேயும் வாங்கியதில்லை, நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். நாலாவது மாதம் சலிக்கும்போது சல்லடையில் கறுப்பாக ஒரு கடுகு. கடுகு நகர்ந்தது. கையை உள்ளே விட்டுக் கிளறினால் நூலாம்படை மாதிரி மாவு கட்டிக்கட்டியாகத் தொங்கியது. 4 கிலோவுக்கு மேல் கொட்டினேன். கொட்டியதையும் கணக்கில் சேர்த்துக் கிலோ விலை போட்டால் பக்கத்துக் கடையைத் தாண்டிவிட்டது.

அன்றைக்குப் பில் நோட்டுக்குப் பக்கத்தில் குப்பை நோட்டும் போட ஆரம்பித்தேன். எனக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது. 2022-ல் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானது என்றும் அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில்தான் என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. குப்பை நோட்டில் என் வீட்டு வரிசை: கீரை, ரொட்டி, கிடங்குக் கடையில் மொத்தமாக வாங்கிய எதுவும். சோப்பு, டிஷ்யூ, துணி துவைக்கும் பவுடர் மட்டும் அந்தக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வண்டு வராது.

செயலியில் வாங்குவதை 2 வருடம் பார்த்தேன். அலமாரி கண்ணில் படாததால் வட்டம் குறையும் என்று நம்பினேன். டெலிவரிக் கட்டணம் தவிர்க்க இன்னும் இவ்வளவு வாங்கு என்று கீழே ஒரு பச்சைக் கோடு ஓடும், அதற்காக வாங்கியதை எல்லாம் வட்டம் போட்டுக் கை வலித்தது. ஒரு தடவை வெறும் தயிர் கேட்டேன். ஸ்டாக் இல்லை என்று வெனிலா வாசனை போட்ட இனிப்புத் தயிர் அனுப்பினார்கள், மாற்றிக்கொள்ள சம்மதமா என்று கேட்ட செய்தியை நான் பார்த்தபோது சாமான் வாசலில். காய்கறியை வேறொருவர் பொறுக்குவதும் எனக்குச் சரிப்படவில்லை. உடம்பு முடியாத நாளில் அருமையான வசதி, மறுக்கவில்லை.

பக்கத்துக் கடையை விலைப்பட்டியலில் கடைசியில் போட்டேன் இல்லையா. அவரிடம் இரண்டு வெங்காயம் வாங்கலாம், அரை ரொட்டி கேட்டால் அறுத்துத் தருவார். ஒருநாள் தக்காளியைக் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "இன்னைக்கு அது வேண்டாம், நாளைக்குக் காலையில வாங்க, புதுசு வருது" என்று கூடையிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்துவிட்டார். எந்தச் சங்கிலிக் கடையிலும் எனக்கு இது நடந்ததில்லை. குப்பை நோட்டில் அவர் கடைச் சாமான் வருடத்துக்கு மூன்று நாலு தடவைதான் வருகிறது. இரவு சீக்கிரம் சாத்திவிடுவார், திடீரென்று இரண்டு நாள் திறக்கவும் மாட்டார், அது ஒன்றுதான் குறை.

இப்போது நடைமுறை இப்படி: மாவு, சர்க்கரை, எண்ணெய், பால், முட்டை எல்லாம் வாரம் ஒரு முறை தள்ளுபடிக் கடையில், பட்டியலோடு, நடு வரிசைப் பக்கம் தலை திருப்பாமல். காய்கறியும் ரொட்டியும் அவ்வப்போது பக்கத்துக் கடையில். சூப்பர் மார்க்கெட் மாதம் ஒரு தடவை, காபித்தூளுக்கும் வேறெங்கும் கிடைக்காத இரண்டு சாமானுக்கும். மாதச் செலவு பழைய கணக்கைவிடக் குறைந்திருக்கிறது. வீட்டில் சொன்னதுதான் சரி என்பதை ஒப்புக்கொண்டும் விட்டேன்.

கிடங்குக் கடைச் சந்தாவை நிறுத்திவிட்டேன். மாடி வீட்டுக்காரர் இன்னும் கட்டுகிறார். அவர் போகும்போது மாவு மூட்டை சொல்லிவிடுவேன், பாதி எனக்கு, பாதி அவருக்கு. மாடிப்படியில் மூட்டையைப் பிரித்து, அவர் வீட்டுச் சமையல் தராசில் 500 கிராம் 500 கிராமாக நிறுத்துப் போடுவோம். கடைசி கரண்டி எப்போதும் தகராறுதான். "உங்க டப்பா கொஞ்சம் கூடுதலா இருக்கு" என்று குனிந்து முள்ளைப் பார்ப்பார்.