ரெஜிஸ்ட்ரித் துப்புரவு: மென்பொருளா, ரெஜெடிட்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகள் பயிலும் டியூஷன் நிலையமொன்றின் பழைய கணினியைக் கவனித்துக்கொள்பவன் என்ற முறையில், விண்டோஸ் தன் அமைப்புகளையும் நிரல்களின் விவரங்களையும் சேமித்து வைக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியை, துப்புரவு மென்பொருளாலும், அதைக் கையால் திருத்த உதவும் ரெஜெடிட் என்ற விண்டோஸ் கருவியாலும் நான் சுத்தம் செய்து பார்த்திருக்கிறேன்.

துப்புரவு மென்பொருள் நூற்றுக்கணக்கான ‘பிழை’களைச் சிவப்பு எழுத்தில் பட்டியலிட்டு நம்மை அச்சுறுத்தும், ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை, நீக்கப்பட்ட நிரல்கள் விட்டுச்சென்ற, மிகச் சிறிய, தீங்கற்ற பதிவுகள் என்பதால், அவற்றை அழிப்பதால் கணினியின் வேகம் கூடுவதில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனமே இத்தகைய மென்பொருள்களின் பயன்பாட்டை ஆதரிப்பதில்லை. நான் அப்படி ஒன்றை ஓட்டிய மறுநாள், பயிற்சித்தாள்களை அச்சிட வேண்டிய வேளையில், அச்சுப்பொறியின் பெயரே திரையில் இல்லை. பிள்ளைகள் அன்று வெண்பலகையைப் பார்த்து எழுதினார்கள்.

ரெஜெடிட் வழி மெதுவானது, ஆனால் எதை நீக்குகிறோம் என்பது நமக்குத் தெரியும். முதலில், கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோர் புள்ளி ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல் ரெஜிஸ்ட்ரியின் காப்புநகல் ரெக்பேக் என்னும் விண்டோஸ் கோப்புறையில் தானாகச் சேமிக்கப்படுவதில்லை என்பதைப் பலர் அறியார். பிறகு, ரெஜெடிட்டில் நீக்கவிருக்கும் கீயின் (பதிவுகள் அடங்கிய பிரிவின்) மீது வலச்சொடுக்கி, ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து, அந்தக் கோப்பைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால், தவறு நேரும்போது அதை இருமுறை சொடுக்கி அழித்த பதிவுகளைத் திரும்பச் சேர்த்துவிடலாம்.

எனவே குறிப்பிட்ட பழுது ஒன்று இருந்தால் மட்டுமே, ரெஜெடிட் வழியையே நான் கையாள்கிறேன். வட்டில் இடம் போதவில்லை என்றால் வேண்டாத கோப்புகளை நீக்கும் விண்டோஸின் டிஸ்க் கிளீனப் போதும்.