சென்னையிலிருந்து ஊருக்கு: 350 ரூபாய் பெர்த்தும் அதைச் சுற்றிய கணக்கும்

மதுரைக்கோ கோவைக்கோ ஸ்லீப்பர் டிக்கெட் 350 ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். அதே ஊருக்கு வெள்ளிக்கிழமை இரவு ஆம்னி பஸ் என்றால் மூன்று, நான்கு மடங்கு. விமானம் என்றால் பத்து மடங்கைத் தொடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தொல்லை என்னவென்றால், அந்த 350 ரூபாய் பெர்த் நாம் நினைத்த நேரத்தில் கிடைக்காது. சென்னையில் இருந்துகொண்டு அடிக்கடி ஊருக்குப் போய்வருகிறவர்களின் செலவை ஆப் கொடுக்கும் கூப்பன் பெரிதாகக் குறைப்பதில்லை. என்றைக்கு, எத்தனை மணிக்கு புக் செய்தோம், சென்னையில் எந்த இடத்தில் ஏறினோம் என்ற இரண்டும்தான் குறைக்கின்றன.

முதலில் ரயில். முன்பதிவு 120 நாளுக்கு முன் திறந்த காலம் 2024 நவம்பர் 1 அன்று முடிந்துபோனது. இப்போது 60 நாள், பயண நாளைச் சேர்க்காமல். ஜனவரி 13 இரவு பொங்கலுக்குக் கிளம்ப வேண்டுமென்றால் நவம்பர் 14 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்களில் பண்டிகைக்கு முந்தைய இரண்டு மூன்று நாளின் ஸ்லீப்பர் பெர்த்துகள் சில நிமிடங்களில் காலியாகிவிடும். ஆதார் சரிபார்க்காத கணக்கோடு அந்த நேரத்தில் உட்காருவது வீண். தொடக்க நேர முன்பதிவை ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும் என்று 2025 அக்டோபரில் மாற்றினார்கள். கடைசி நேர முன்பதிவான தட்கலுக்கு அந்தக் கட்டுப்பாடு அதே ஆண்டு ஜூலையிலேயே வந்துவிட்டது.

8 மணிக்கு வேலை வேகமாக முடிய, முந்தின நாளே ஐஆர்சிடிசியில் பயணிகள் பெயரையும் வயதையும் மாஸ்டர் லிஸ்டில் ஏற்றி வையுங்கள். தட்டச்சு செய்யும் அரை நிமிடத்தில்தான் கன்ஃபர்ம் ஆக வேண்டிய டிக்கெட் வெயிட்டிங் ஆகிறது. பணம் கட்டும் இடத்தில் வங்கிப் பக்கம் திறந்து ஓடிபி வரக் காத்திருப்பதைவிட ஐஆர்சிடிசி வாலட்டோ யுபிஐயோ வேகம். யுபிஐக்கு இணையக் கட்டணமும் குறைவு: ஏசி இல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20, கார்டு, நெட்பேங்கிங் என்றால் 15, 30. இதற்கு மேல் ஜிஎஸ்டி உண்டு. டிக்கெட்டை ரத்து செய்தாலும் இந்தத் தொகை திரும்பாது. 45 பைசா பயணக் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு நின்றுவிடாமல், பிறகு வரும் இணைப்பில் நாமினி பெயரையும் நிரப்புங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது அதைத்தான்.

அடுத்து, பணமும் பயணமும் சேர்ந்து போகும் ஒரு குழி: நள்ளிரவுத் தேதி. 60 நாள் கணக்கு ரயில் புறப்படும் முதல் ஸ்டேஷனின் தேதியை வைத்து. திருநெல்வேலியில் இரவு கிளம்பும் நெல்லை எக்ஸ்பிரஸ் திருச்சிக்கு வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டி, தேதி மாறியிருக்கும். திருச்சியில் ஏறுகிறவரின் டிக்கெட்டில் 18ஆம் தேதி என்று இருந்தால், 17ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். 18 இரவு போய் நின்றால் ரயில் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். புக்கிங்கும் ஒரு நாள் முன்னதாகவே திறந்திருக்கும், தட்கலும் அப்படியே. விழுப்புரம், திருச்சி, சேலம் போன்ற நடுவழி ஊர்க்காரர்கள் இதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வெயிட்டிங் லிஸ்ட் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் எழுத்துகளையும் பாருங்கள். ஜிஎன்டபிள்யூஎல் என்றால் ரயில் கிளம்பும் ஊரிலிருந்து பதிவான பொது வரிசை. அதுதான் அதிகம் நகரும். பிக்யூடபிள்யூஎல், ஆர்எல்டபிள்யூஎல் இரண்டும் நடுவழி ஊர்களுக்கான சிறிய ஒதுக்கீட்டில் விழுந்தவை; எண் 8 என்றாலும் நம்பி உட்கார முடியாது. தட்கல் வெயிட்டிங் அதைவிட மோசம், பொது வரிசை நகர்ந்த பிறகுதான் அதற்கு முறை வரும். சாதாரண வார நாளில் பொது வரிசையில் 30க்குள் எடுத்த ஸ்லீப்பர் வெயிட்டிங் ஓரளவு தேறிவிடும். தீபாவளி வாரத்தில் 10கூட தேறாது, யாரும் ரத்து செய்வதில்லை. ஆர்ஏசி வந்தாலே பயணம் உறுதி என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் இருவர் உட்கார்ந்து போக வேண்டியிருக்கும், கட்டணம் முழுசு. பெர்த் ஒதுக்கீட்டின் இறுதிப் பட்டியலான சார்ட் போட்ட பிறகும் முழு வெயிட்டிங்கில் நிற்கும் இ-டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அதைக் காட்டி ஸ்லீப்பர் பெட்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாதவராகத்தான் நடத்துவார்கள்.

தட்கல் முந்தின நாள் காலை: ஏசி 10 மணி, ஏசி இல்லாதது 11 மணி. ஸ்லீப்பருக்குக் கூடுதலாக 100 முதல் 200 ரூபாய், மூன்றாம் ஏசிக்கு 300 முதல் 400. கன்ஃபர்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. ஆக, பயணம் உறுதியில்லாத ஆள் தட்கலைத் தொடாமல் இருப்பது மேல். இன்னொரு வாய்ப்பைப் பலர் பார்ப்பதே இல்லை. சார்ட் தயாரானதும் மீதமுள்ள பெர்த்துகள் கரண்ட் புக்கிங்கில் தட்கல் கூடுதல் இல்லாமல் வரும். செவ்வாய், புதன் இரவுகளில் இது அடிக்கடி கைகொடுக்கும். வெள்ளியில் எதிர்பார்க்க வேண்டாம்.

வயதானவர்களோடு போகும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு தனியாக உண்டு, ஆனால் அது ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான். அப்பா, அம்மா, மகன், மருமகள், பேரன் என்று ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு பொருந்தாது. பெரியவர் நடு பெர்த்துக்கு ஏற வேண்டிவரும். பெரியவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட் எடுங்கள். பெர்த் எண்ணை எட்டால் வகுத்து மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ், 7 என்றால் பக்கவாட்டுக் கீழ். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றதோடு சரி.

இரவுப் பயணம்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் விட்டால் செலவு பாதியாகும். வைகை, பல்லவன், கோவை எக்ஸ்பிரஸ், பெங்களூருக்கு பிருந்தாவன், லால்பாக் — இவற்றில் முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு இருக்கை, மதுரை தூரத்துக்கே சுமார் 200 ரூபாய். ஸ்லீப்பர் வெயிட்டிங் நூறைத் தாண்டிய நாளிலும் பகல் ரயிலில் இடம் இருப்பதுண்டு. மே மாதத்தில் மதிய வெயிலில் வைகையில் ஜன்னலோரம் உட்காருவது தண்டனைதான், அதை மறைக்கவில்லை. வந்தே பாரத்தில் சேர் கார் ஆயிரத்துக்கு மேல் போகும். புக் செய்யும்போது ‘உணவு வேண்டாம்’ என்று தேர்ந்தெடுத்தால் கணிசமாகக் குறையும், கையில் ஒரு புளிசாதப் பொட்டலம் போதும்.

முன்பதிவே இல்லாமல் கிளம்புகிறவர்களுக்குத் தாம்பரம்–நாகர்கோவில் அந்த்யோதயா இருக்கிறது. முன்பதிவில்லாப் பெட்டிகளாலேயே ஆன ரயில். கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் சுற்றிப் போகும், நேரம் கூடுதல். 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட முன்பதிவில்லா டிக்கெட்டை மூன்று நாள் முன்பே எடுக்கலாம். தனி ஆளாகப் பகலில் தாங்கும். குழந்தையோடு இரவில் வேண்டாம்.

பண்டிகைச் சிறப்பு ரயில்கள், எண் பூஜ்யத்தில் தொடங்குபவை, வழக்கமான ரயிலைவிடக் கட்டணம் கூட. தாமதமும் கூட, ஏனென்றால் நேர அட்டவணையில் உள்ள ரயில்களுக்கு வழிவிட்டு நிற்கும். ஆனால் அறிவிப்பு வந்த அன்றே பார்த்தால் இடம் இருக்கும், அதற்காகவே செய்தியைக் கவனித்து வைக்கலாம்.

எங்கே ஏறுவது என்பது தனிக் கணக்கு. குரோம்பேட்டை, பல்லாவரம், வேளச்சேரிப் பக்கம் இருக்கிறவர் தெற்கு ரயிலுக்கு எழும்பூர் போக வேண்டியதில்லை. டிக்கெட்டை எழும்பூரிலிருந்தே எடுத்து, ஏறும் இடத்தைத் தாம்பரம் அல்லது செங்கல்பட்டு என்று வைத்தால் பெர்த் எழும்பூர் ஒதுக்கீட்டில் வரும். ஆட்டோவுக்குப் போகும் 300, 400 ரூபாய் மிச்சம், மின்சார ரயிலுக்குப் பத்து ரூபாய் போதும். ஏறும் இடத்தை மாற்றிய பிறகு பழைய இடத்தில் ஏற உரிமை இல்லை என்பதை மறக்கக் கூடாது. எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்தோ கடற்கரை நிலையத்திலிருந்தோ கிளம்பியிருக்கின்றன. கிளம்பும் நாள் காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோவை, பெங்களூர் ரயில்களுக்கு சென்ட்ரல். சில ரயில்கள் பெரம்பூரிலும் நிற்கும், கொளத்தூர், வில்லிவாக்கம் ஆட்களுக்கு அது வசதி.

பஸ்ஸில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் அங்கிருந்துதான். திருவொற்றியூரில் இருப்பவருக்கு அந்த முனையத்தை அடையவே வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். அந்த நேரத்தில் ரயில் விழுப்புரத்தை நெருங்கிவிடும். தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருப்பவருக்குத்தான் கிளாம்பாக்கம் வரம். பெங்களூர், வேலூர், காஞ்சிபுரம் என்றால் கோயம்பேட்டிலிருந்தும், திருப்பதி, நெல்லூர் என்றால் மாதவரத்திலிருந்தும் என்று திசையைப் பிரித்திருக்கிறார்கள். திசை மாறி நின்றுவிட்டு ஊரைக் குறுக்கே கடப்பது டிக்கெட் விலையையே தின்றுவிடும்.

அரசுப் பேருந்துக் கட்டணத்தின் பெரிய மாற்றம் 2018 ஜனவரியில் வந்தது. எக்ஸ்பிரஸ் கிலோமீட்டருக்கு 75 பைசா, அல்ட்ரா டீலக்ஸ் ஒரு ரூபாய் என்று பிறகு குறைத்தார்கள். அதை வைத்துப் பார்த்தால் திருச்சிக்குச் சாதாரண எக்ஸ்பிரஸில் 250 ரூபாய் சொச்சம். திருச்சி வரைக்கும் அரசுப் பேருந்து நல்ல தேர்வு என்பதே எங்கள் கணிப்பு: ஐந்தரை முதல் ஆறரை மணி நேரம், வண்டிக்குப் பஞ்சமில்லை, முன்பதிவும் தேவைப்படாது. அதற்கு அப்பால் உட்கார்ந்தே போவது முதுகுக்கு ஆகாது. பண்டிகை இரவில் மதுரை, நெல்லை நேர் வண்டிகளில் இடமில்லாவிட்டால் விழுப்புரம், திருச்சி என்று விட்டு விட்டுப் போவது பழைய வழி, இன்றும் செல்லும். திருச்சியில் 2025 முதல் பஞ்சப்பூர் முனையம் வந்துவிட்டதால் மத்தியப் பேருந்து நிலையத்தை மனதில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் நகரின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்குத்தான். இந்த நீண்ட தூர வண்டிகளுக்கு இல்லை.

ஆம்னி பஸ்ஸில் வார நாள் விலைக்கும் விடுமுறைக்கு முந்தின இரவு விலைக்கும் சம்பந்தமே இருக்காது. வெள்ளி இரவைத் தவிர்த்து வியாழன் இரவோ சனி அதிகாலையோ கிளம்பினால் பாதிக்குப் பாதி குறைவதுண்டு. பெர்த் எடுக்கும்போது கடைசி வரிசையும் பின்சக்கரத்துக்கு மேலுள்ள இடமும் வேண்டாம், குலுக்கி எடுத்துவிடும். மேல் பெர்த் அதிகம் ஆடும், வாந்தி வருகிறவர்கள் கீழே எடுங்கள். ‘புறப்பாடு 9.00’ என்பது முதல் நிறுத்தத்தின் நேரம். நீங்கள் ஏறும் போரூர் அல்லது பெருங்களத்தூர் நேரம் டிக்கெட்டில் தனியாக இருக்கும், நடைமுறையில் அதற்கு மேலும் அரை மணி ஆகும். இறங்கும் இடத்தையும் பாருங்கள். மதுரையில் மாட்டுத்தாவணியில் இறக்கிவிடப்பட்டு பெரியார் நிலையம் பக்கம் போக வேண்டியவருக்கு, நகர நடுவில் நிற்கும் ரயிலே லாபம்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதுரை, கோவை, திருச்சிக்கு ஒரு மணி நேரப் பறப்புதான். செக்-இன் கவுண்டர் பெரும்பாலும் 60 நிமிடம் முன் மூடும், வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கிருந்து ஊர் என்று கூட்டினால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். சீட் தேர்வு, 15 கிலோவுக்கு மேல் பை, முன்பதிவுக் கட்டணம் என்று விலை ஏறும். போகத்தான் வேண்டும் என்றால் திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயிலில் இறங்கி எதிரே நடந்து போங்கள். விமானம் கணக்குக்கு ஒத்துவருவது டெல்லி, கொல்கத்தா மாதிரித் தூரத்துக்கு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டெல்லி போக இரண்டு இரவு, ஒரு முழுப்பகல். மூன்றாம் ஏசிக் கட்டணத்தோடு அந்த நேரச் சாப்பாட்டையும் போகும் லீவையும் சேர்த்தால், மாதம் முன்பே எடுத்த விமான டிக்கெட்டோடு இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும்.

திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள். போகிற கூட்டம் மூன்று நான்கு இரவாகப் பிரிந்து போகும், திரும்புகிற கூட்டம் ஒரே ஞாயிறு இரவில் வரும். ஞாயிறுக்குப் பதில் திங்கள் பகல் ரயில், அல்லது சனி இரவு என்று ஒதுங்கினால் இடமும் கிடைக்கும், விலையும் இறங்கும். பஸ்ஸில்தான் வர நேர்ந்தால் பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து பெருங்களத்தூர் வரை திங்கள் விடியற்காலையில் ஊர்ந்துதான் வரும். அப்படி நின்றுவிட்டால் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டாம். பொத்தேரி ஸ்டேஷன் ஜிஎஸ்டி சாலையை ஒட்டியே இருக்கிறது. அங்கே இறங்கி மின்சார ரயிலில் தாம்பரம் வந்துவிடலாம். நெரிசல் நாட்களில் காட்டாங்குளத்தூரிலிருந்து விடியற்காலையில் சிறப்பு மின்சார ரயில்களும் விட்டிருக்கிறார்கள். பெரிய பெட்டியை பஸ்ஸின் அடியில் போடாமல் கையோடு வைத்திருந்தால்தான் இது நடக்கும்.