போதகரின் மேசைக்கு ஓர் உபதேச நூல்: வேய்ன் க்ரூடெமின் ‘சிஸ்டமேட்டிக் தியாலஜி’

முறைப்படுத்தப்பட்ட இறையியல் ஒரு போதகருக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் நம் சபைகளில் இரண்டு வகையினர். வேதாகமம் ஒன்றே போதும், மனுஷர் எழுதிய உபதேசப் புத்தகங்கள் வேண்டாம் என்கிறவர்கள் ஒரு சாரார். இறையியல் கல்லூரியில் தேர்வுக்காக அதைப் படித்து, பட்டம் கைக்கு வந்ததும் அந்தப் புத்தகங்களை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டவர்கள் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரு முறையாவது பொறுமையாகத் திறந்து பார்க்க வேண்டிய நூல் என்று வேய்ன் க்ரூடெமின் ‘சிஸ்டமேட்டிக் தியாலஜி’யைச் சொல்வேன். 1994இல் முதலில் வெளிவந்து, 2020இல் விரிவான இரண்டாம் பதிப்பைக் கண்ட இந்த நூலை, ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் நிற்கிறவருக்கு இது எவ்வளவு உதவும் என்ற ஒரே கண்ணோட்டத்தில் இங்கே மதிப்பிடுகிறேன்.

க்ரூடெம் அமெரிக்கர், கேம்பிரிட்ஜில் புதிய ஏற்பாட்டு ஆய்வில் முனைவர் பட்டம் பெற்றவர், இறையியல் கல்லூரிகளில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர். முதற்பதிப்பில் 57 அதிகாரங்கள். தேவனுடைய வார்த்தையைப் பற்றிய உபதேசத்தில் தொடங்கி, தேவன், மனுஷன், கிறிஸ்துவும் பரிசுத்த ஆவியும், மீட்பு நம்மில் செயல்படும் விதம், சபை, கடைசிக் காலம் என்று ஏழு பகுதிகளாக நூல் விரிகிறது. ஏதேனும் ஒரு பொருளைக் குறித்து முழு வேதாகமமும் இன்று நமக்கு என்ன போதிக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடுவதே இந்த இறையியல் என்று ஆசிரியர் தொடக்கத்திலேயே வரையறுத்துவிடுகிறார். இதில் எடை முழுவதும் ‘முழு வேதாகமமும்’ என்பதில்தான் இருக்கிறது. பிரசங்கிக்கு இந்தத் துறையால் கிடைக்கும் பெரும் பயனும் அதுவே.

நம்மிடையே இந்தப் பயன் எங்கே தேவைப்படுகிறது என்பதற்குப் புத்தாண்டு ஆராதனையை எடுத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் சபையார் வாக்குத்தத்த அட்டையைப் பெற்றுக்கொள்கிறார்கள். எரேமியா 29:11 பலமுறை அந்த அட்டையில் வந்திருக்கிறது. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை’ தேவன் தருவார் என்று போதகர் அறிவிக்க, வேலை தேடும் இளைஞரும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் தாயும் அதைத் தங்கள் விண்ணப்பத்துக்கான பதிலாகவே பற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஆனால் அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறுவதைப் பற்றிச் சொல்லுகிறது. அங்கே சிறைப்பட்டுப் போயிருந்த யூதருக்கு எரேமியா அனுப்பிய நிருபம் இது; அதைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் விடுதலையைக் காணாமலே மரித்திருப்பார்கள். இந்தச் சூழலைக் கவனிக்க விளக்கவுரை ஒன்று போதும். அதன்பின், ‘அப்படியானால் தேவன் தம்முடைய ஜனங்களுக்கு எதை வாக்களித்திருக்கிறார், எதை வாக்களிக்கவில்லை, அவர்களுடைய துன்பத்தின்மேல் அவருக்குள்ள ஆளுகை எப்படிப்பட்டது’ என்ற கேள்வி எழும்பும்போது விளக்கவுரை கைவிட்டுவிடும். தேவனுடைய பராமரிப்பைப் பற்றிய க்ரூடெமின் 16ஆம் அதிகாரம் பேசத் தொடங்குவது அங்கேதான். ஆதியாகமம் 50:20இல் யோசேப்பு தன் சகோதரர்களிடம் சொன்னது, யோபுவின் இழப்பு, அப்போஸ்தலர் 4:27-28இல் ஏரோதும் பிலாத்துவும் செய்தது ஆகிய பகுதிகளை அடுத்தடுத்து வைத்து, தீமை செய்கிறவரின் பொறுப்பு குறையாமலே தேவனுடைய நோக்கம் நிறைவேறுகிறது என்பதை அவர் நிதானமாகக் காட்டுகிறார். இந்த அதிகாரத்தைக் கருத்தாய்ப் படித்த போதகர் எரேமியா 29:11ஐ நிச்சயமாகப் பிரசங்கிப்பார். அந்தத் தாயின் காதில் அது எப்படி விழும் என்பதையும் அறிந்து பிரசங்கிப்பார்.

நூலின் அமைப்பு முழுவதும் இந்த வேலைக்கு ஏற்றபடி இருக்கிறது. ஒவ்வொரு அதிகாரமும் ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. முடிவில் வாசகர் தம் வாழ்க்கையைச் சோதித்துப் பார்க்கும் கேள்விகளும், மனப்பாடம் செய்ய ஒரு வேதப் பகுதியும், பாடுவதற்கு ஒரு ஞானப்பாட்டும் இருக்கின்றன. உபதேசம் ஆராதனையில் போய் முடிய வேண்டும் என்ற ஆசிரியரின் உறுதி இதில் தெரிகிறது. உபதேச நூல் என்றாலே உலர்ந்தது என்று எண்ணுகிற போதகர் இந்த ஒன்றுக்காகவே இதைத் திறந்து பார்க்கலாம். நடையும் எளிமையானது. சீர்திருத்த மரபின் இறையியலாளர் லூயிஸ் பெர்க்காஃப் இதே துறையில் எழுதிய நூல், செறிவில் இதைவிட மேலானதாயினும், லத்தீன் சொற்களும் சுருங்கிய வாக்கியங்களுமாக நகர்வதால் தமிழ்வழியில் படித்து வந்தவர்களைச் சோர்வடையச் செய்யும். க்ரூடெமின் ஆங்கிலம் அப்படிச் சோர்வடையச் செய்யாது. இன்னொரு சிறப்பையும் குறிப்பிட வேண்டும். அதிகாரத்தின் இறுதியிலுள்ள நூற்பட்டியல், அதே பொருளை ஆங்கிலிக்கன், வெஸ்லியன், பாப்டிஸ்ட், லூத்தரன், சீர்திருத்த, பெந்தெகொஸ்தே மரபினரும் கத்தோலிக்கரும் எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று மரபுவாரியாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒரே தெருவில் சி.எஸ்.ஐ. ஆலயமும் லூத்தரன் ஆலயமும் பெந்தெகொஸ்தே சபையும் இருக்கும் நம் ஊர்களில், அடுத்த சபையார் ஏன் அப்படி விசுவாசிக்கிறார்கள் என்பதை அவர்களுடைய நூலிலிருந்தே அறிய இது வழிசெய்கிறது.

போதகர் அதிகம் புரட்டப்போவது பின்னிணைப்பிலுள்ள வசன அட்டவணையைத்தான். எபிரெயர் 6:4-6ஐ எடுத்துக்கொள்வோம். ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டு, பரம ஈவை ருசிபார்த்தவர்கள் மறுதலித்துப்போனால் அவர்களை மறுபடியும் மனந்திரும்புதலுக்குப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்று சொல்லும் அந்த வசனம், குடியில் விழுந்து பின்வாங்கிப்போய் மறுபடியும் ஆலயத்துக்கு வர நினைக்கிற ஒருவரை நடுங்க வைக்கக்கூடியது. அப்படிப்பட்டவர் போதகரிடம் வந்து, ‘ஐயா, இனி எனக்கு மன்னிப்பு இல்லையா?’ என்று கேட்டால் என்ன சொல்வது? அட்டவணை நம்மை 40ஆம் அதிகாரத்துக்கு அழைத்துச் செல்கிறது. சபையோடு நெருங்கிப் பழகி, ஆவியானவரின் செயல்களைக் கண்டு அனுபவித்தும், மெய்யாக மனந்திரும்பி இரட்சிக்கப்படாதவர்களைப் பற்றியே அந்தப் பகுதி பேசுகிறது என்பது க்ரூடெமின் வாதம். அதற்கு அவர் சுட்டுவது உடனே வருகிற 7, 8ஆம் வசனங்களிலுள்ள நிலத்தின் உவமை. ஒரே மழையைக் குடித்தும் முள்ளையும் முட்பூண்டையும் முளைப்பித்த நிலம் அது. 9ஆம் வசனத்தில் நிருபத்தின் ஆசிரியர் தம் வாசகர்களிடம் இரட்சிப்புக்குரிய நன்மையான காரியங்கள் உண்டென்று நம்புவதாகச் சொல்வதையும் அவர் சேர்த்துக் காட்டுகிறார். வெஸ்லியன் மரபில் வளர்ந்த போதகர் இந்த விளக்கத்தை ஏற்காமல் இருக்கலாம். அந்த எச்சரிப்பு மெய்விசுவாசிகளுக்கே உரியது என்று அவர் வாதிடுவார். ஆயினும் தேவன் தம்முடையவர்களை முடிவுவரை காப்பார் என்று சொல்லும் யோவான் 10:28ஐயும் பிலிப்பியர் 1:6ஐயும் எபிரெயர் 6ஐயும் ஒரே மேசையில் வைத்துத்தான் அவரும் விடை சொல்லியாக வேண்டும். அழுதுகொண்டு நிற்கிறவருக்கு ஒரே வசனத்தை எடுத்துச் சொல்லி அனுப்பிவிடாதபடி ஒரு போதகரைத் தடுப்பது இந்தப் பழக்கம்தான்.

தமிழ்ச் சபைகளுக்கு இந்த நூலின் மிகப் பயனுள்ள பகுதி ஆவிக்குரிய வரங்களைப் பற்றிய இரண்டு அதிகாரங்கள் என்பது என் கணிப்பு. க்ரூடெம் கால்வின் வழிவந்த சீர்திருத்த உபதேசத்தைப் பற்றிக்கொண்டவர்; அதே வேளையில் தீர்க்கதரிசனம் முதலான வரங்கள் இன்றும் உண்டு என்று விசுவாசிக்கிறவர். நம்மிடையே இவ்விரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்திருப்பது அரிது. புதிய ஏற்பாட்டுச் சபையில் சாதாரண விசுவாசிகள் உரைத்த தீர்க்கதரிசனம் வேதவாக்கியத்துக்குச் சமமான அதிகாரம் உடையதல்ல என்று அவர் வாதிடுகிறார். தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்று 1 கொரிந்தியர் 14:29 கட்டளையிடுகிறது. எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ள 1 தெசலோனிக்கேயர் 5:20-21 சொல்லுகிறது. இவற்றை வைத்து அவர் தரும் நடைமுறை ஆலோசனை, ‘கர்த்தர் சொல்லுகிறதாவது’ என்ற முன்னுரையோடு தீர்க்கதரிசனம் உரைப்பதை விட்டுவிட வேண்டும் என்பதாகும். அந்த முன்னுரையைச் சொல்லி, எந்தப் பெண்ணைத் திருமணம் செய்ய வேண்டும், எந்த நிலத்தை விற்க வேண்டும், எவ்வளவு காணிக்கை கொடுக்க வேண்டும் என்றெல்லாம் மேடையிலிருந்து ஆணையிடப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். அந்த ஆணைக்குக் கீழ்ப்படியாதவர் தேவனுக்கே கீழ்ப்படியாதவராக எண்ணப்பட்டு, வருஷக்கணக்கில் குற்றமனசாட்சியோடு வாழ்கிறார். வரங்களை மறுக்கிற ஒருவர் இதைக் கண்டித்தால் பெந்தெகொஸ்தே சபையார் செவிகொடுக்கமாட்டார்கள். வரங்களை விசுவாசிக்கிற ஒருவர் வேதத்தைக் கொண்டே கண்டிக்கும்போது அதைத் தள்ளுவது கடினம். ஆகவே இந்த ஆலோசனை நம் பெந்தெகொஸ்தே போதகர்களின் கைக்கு எட்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அந்த வாதத்தில் பலவீனமான கண்ணி ஒன்று உண்டு. எருசலேமில் யூதர் பவுலைக் கட்டிப் புறஜாதியார் கையில் ஒப்புக்கொடுப்பார்கள் என்று அப்போஸ்தலர் 21:11இல் தீர்க்கதரிசி அகபு உரைத்தது நுணுக்கங்களில் தவறிப்போயிற்று, ஏனெனில் பவுலைக் கட்டினவர்கள் யூதர் அல்ல, ரோமர் என்று க்ரூடெம் சொல்கிறார். ஆனால் அப்போஸ்தலர் 28:17இல் பவுலே தான் எருசலேமிலிருந்து ரோமர் கையில் ஒப்புக்கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார். அகபுவின் வார்த்தைகளை நினைப்பூட்டும் பேச்சு இது. இந்த இடத்தில் க்ரூடெமை எதிர்த்து எழுதியவர்களின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கொரிந்தியர், தெசலோனிக்கேயர் பகுதிகளின் மேல் நிற்கும் அவருடைய நடைமுறை ஆலோசனையை இது தொடவில்லை.

எச்சரிக்கையோடு படிக்க வேண்டிய பகுதி திரித்துவத்தைப் பற்றியது. குமாரன் பிதாவுக்குச் சமமான தேவத்துவம் உடையவர் என்பதில் க்ரூடெமுக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் நித்தியம் முழுவதும் குமாரன் பிதாவின் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டிருக்கிறார் என்றும் அவர் போதிக்கிறார். 2016இல் இது ஆங்கிலம் பேசும் இவாஞ்சலிக்கல் உலகில் பெரிய விவாதமாக வெடித்தது. குமாரனின் கீழ்ப்படிதல் அவர் மாம்சத்தில் வந்து ஊழியக்காரனின் ரூபமெடுத்ததைச் சேர்ந்தது என்பதே நைசேயா விசுவாச அறிக்கையின் வழியில் வந்த பெரும்பாலான ஆசிரியர்களின் போதனை. அதையே நானும் சரியென்று கொள்கிறேன். ‘என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்’ என்ற யோவான் 14:28ஐக் காட்டி யெகோவா சாட்சிகள் வீட்டு வாசலில் நின்று வாதிடும்போது, க்ரூடெமின் விளக்கத்தை மட்டும் அறிந்த விசுவாசி தடுமாறக்கூடும். குமாரனின் நித்திய ஜெநிப்பிக்கப்படுதலை, அதாவது அவர் நித்தியமாய்ப் பிதாவினால் பிறப்பிக்கப்பட்டவர் என்ற உபதேசத்தைக் குறித்து முதற்பதிப்பில் தயங்கிய அவர், இரண்டாம் பதிப்பில் அதை ஏற்றுக்கொண்டிருப்பது மெச்சத்தக்கது. கீழ்ப்படிதலைக் குறித்த கருத்தை மட்டும் அவர் விட்டுவிடவில்லை.

அவர் சபை வரலாற்றுக்குப் போதிய இடம் கொடுக்காததும் இதோடு சேர்ந்த குறையே. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்திலுள்ள ‘பாதாளத்தில் இறங்கினார்’ என்ற தொடர் ஆரம்பத்தில் இல்லாதது, ஆகவே அதை விட்டுவிடலாம் என்கிறார். பெரிய வெள்ளிக்கிழமை ஏழு வார்த்தைகள் தியானத்தில் ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்பதைப் பிரசங்கிக்கிறவருக்கு, இதையொட்டி அவர் ஆராயும் வேதப் பகுதிகள் மிகவும் உதவும். ஆனால் கால்வினும் 1563இன் ஹைடெல்பர்க் வினாவிடையும் இதே தொடரில் சிலுவையில் கிறிஸ்துவின் ஆத்துமா பட்ட வேதனையைக் கண்டார்கள்; லூத்தரன் சபையார் பிசாசின்மேல் அவர் கொண்ட ஜெயத்தைக் கண்டார்கள். நூற்றாண்டுகளாகச் சபையார் எழுந்து நின்று அறிக்கையிடும் ஒரு வரியை நீக்கச் சொல்ல, இவற்றை இன்னும் பொறுமையாக எடைபோட்டிருக்க வேண்டும்.

நம் மண்ணின் கேள்விகளையும் இதில் தேட வேண்டாம். மனுஷன் தேவசாயலாகச் சிருஷ்டிக்கப்பட்டான் என்ற அதிகாரம் எல்லா இனத்தாருக்கும், முதியோருக்கும், பிறவாத சிசுவுக்கும் உரிய மதிப்பை வலியுறுத்துகிறது. நம் சபைகளின் கல்லறைத் தோட்டம் வரை நுழைந்துவிட்ட சாதியின்மேல் அந்த உபதேசத்தைப் பொருத்திக் காட்டுவது தமிழ்ப் போதகரின் வேலையாகவே எஞ்சுகிறது. பக்தி மரபின் நடுவே கிறிஸ்துவை எப்படி அறிவிப்பது என்று இந்திய இறையியலாளர்களான சக்கரையும் ஏ. ஜே. அப்பாசாமியும் எழுப்பிய கேள்விகளும் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

இவ்வளவு குறைகளைச் சொல்லியும் ஏன் இதைப் பரிந்துரைக்கிறேன் என்றால், போதகருக்கு உபதேசத்தை வரிசைப்படுத்திக் கற்றுக்கொடுக்கும் கருவி சபைக்கு எப்போதும் தேவைப்பட்டிருக்கிறது. 1528இல் ஜெர்மனியின் சாக்சனி நாட்டுச் சபைகளைச் சென்று பார்த்த லூத்தர், ஜனங்களுக்கு அடிப்படை உபதேசம் தெரியவில்லை என்பதையும், போதகர்களில் பலர் போதிக்கத் தகுதியற்றிருப்பதையும் கண்டு வேதனைப்பட்டார். மறு வருஷம் அவர் வெளியிட்ட சிறிய வினாவிடைக்கு அதுவே காரணம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் அந்த வினாவிடையைத் தமிழாக்கினார். இன்றும் திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ஞானோபதேசம் முறைப்படுத்தப்பட்ட இறையியலின் சிறிய வடிவமே. பிள்ளைகளிடம் அதைக் கேட்டு வாங்குகிற போதகர், அதன் பெரிய வடிவத்தைத் தாமும் கற்றிருப்பது நியாயம்.

முழு நூலின் பருமனுக்கு அஞ்சுகிறவர்கள், அதையே சுருக்கி வெளியிட்ட ‘பைபிள் டாக்ட்ரின்’ என்ற பதிப்பிலிருந்து தொடங்கலாம். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ‘கிறிஸ்டியன் பிலீஃப்ஸ்’ என்ற இன்னும் சிறிய பதிப்பு போதுமானது. பிரசங்க ஊழியத்தில் இருக்கிறவர்கள் பெரிய நூலையே வாங்குவது நல்லது, ஏனெனில் வேத ஆதாரங்களை வரிசையாக எடுத்து விளக்கும் பகுதிகளின் விரிவு அதில்தான் இருக்கிறது. முதற்பதிப்பை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் புதியதற்காகச் செலவு செய்ய அவசரப்பட வேண்டியதில்லை. திரித்துவத்தைப் பற்றிய அதிகாரத்தை மட்டும் இரண்டாம் பதிப்பு வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கிப் படித்து, அதனோடு பெர்க்காஃபின் நூலில் அதே பொருளையும் ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.